சிறுவாட்டுக் கோப்பு

பழைய கணினி விளையாட்டுகளை ஆடியவர்களிடம் நாற்பது ஆண்டுகளாகத் தீர்ப்பாகாத ஒரு வழக்கு இருக்கிறது. ஆட்டத்தை நாம் நிறுத்திய இடத்தைக் கணினி ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கும். அந்தக் கோப்பை இன்னொரு தட்டில் நகலெடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, ஆட்டத்தில் செத்துப்போனால் நகலைப் போட்டு உயிரோடு திரும்பி வந்தால், அது நேர்மையான ஆட்டமா கள்ளாட்டமா? கேட்பதற்குச் சின்னப்பிள்ளைச் சண்டை மாதிரி இருக்கும். எனக்கு அப்படிப் பட்டதில்லை. ஒருவருக்கு இன்னொரு தடவை உண்டா, அதைத் தருகிறவர் யார், தானே எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘விசார்ட்ரி’ என்ற விளையாட்டு வந்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இரண்டு இளைஞர்கள் எழுதியது. அமெரிக்காவின் சர்-டெக் நிறுவனம் வெளியிட்டது. ஆறு பேர் கொண்ட குழுவை நாமே உருவாக்கிப் பாதாளச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே ஒருத்தி செத்தால் அந்தச் சாவைக் கணினி தட்டில் எழுதிவிடும். மேலே ஊரில் ஒரு கோயில் உண்டு. காசு கொடுத்தால் உயிர் மீட்டுத் தருவார்கள், ஆனால் உறுதி கிடையாது. சடங்கு தப்பினால் உடல் சாம்பலாகும். சாம்பலை வைத்து இன்னும் ஒரு முயற்சி. அதுவும் தப்பினால் ஆளே பட்டியலிலிருந்து போய்விடுவாள். ஆறு பேரும் உள்ளேயே செத்தால் இன்னும் கொடுமை: புதிதாக ஒரு குழுவை முதலிலிருந்து வளர்த்து, பழையவர்களின் பிணங்களைத் தேடிப்போய்த் தூக்கி வர வேண்டும்.

வாரக்கணக்கான உழைப்பு ஒரு தப்பான எட்டில் போய்விடும் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வழி தேடினார்கள். சாவைத் தட்டில் எழுதுவதற்குள் கணினியை அணைத்தார்கள். தட்டுக்கு நகல் எடுத்து வைத்தார்கள். இதில் வேடிக்கை, மூலத் தட்டிலிருந்து ஒரு நகல் எடுத்து அதில்தான் ஆட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் ஏற்பாடே. நகலெடுக்கும் வசதியையும் அதிலேயே வைத்திருந்தார்கள். நகல் எடு, ஆனால் அந்தக் காரணத்துக்காக எடுக்காதே. இந்தப் பேச்சு பெண்களுக்குப் பழக்கமானதுதான். படி, ஆனால் வேலைக்குப் போவதற்காகப் படிக்காதே.

ஏறக்குறைய அதே நேரம், 1980 வாக்கில், கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ‘ரோக்’ இன்னும் கறாரானது. சேமித்த ஆட்டத்தைத் திறந்த கணமே அந்தக் கோப்பை அழித்துவிடும். செத்தால் செத்ததுதான். 1987-இல் வந்த ‘நெட்ஹேக்’ அதே வழியில் போனது. அப்போதும் கோப்பை முன்கூட்டியே நகலெடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் விழுந்தது: ‘சேவ் ஸ்கம்மிங்’. ஸ்கம் என்றால் தண்ணீர்மேல் மிதக்கும் அழுக்கு நுரை. எங்கள் பக்கத்தில் உப்பளத்துக் கரையோரம் காற்றடிக்கும்போது ஒதுங்குமே, அது. ஒரு கோப்பை நகலெடுத்ததற்கு இவ்வளவு அருவருப்பான சொல்லா என்று முதல்முறை அகராதி பார்த்தபோது நினைத்தேன்.

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு. அழுகுணி ஆட்டம், கள்ளாட்டம். அதோடு, உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று நான் வியக்கிற ஒரு ஏற்பாடும் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. பெயரில் இருக்கிற இழிவை ஒதுக்கிவிட்டு விஷயத்தைப் பாருங்கள். கூட விளையாட வந்துவிட்ட மிகச் சின்னப் பிள்ளையை விரட்டாமல், அது அவுட் ஆனாலும் அவுட் இல்லை என்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சேர்த்துக்கொள்வது. நம் தெருப்பிள்ளைகள் சாகாவரம் கொடுத்து ஆடியவர்கள்தான். யாரும் அதைக் கள்ளாட்டம் என்றதில்லை. கூடி முடிவெடுத்துக் கொடுத்தால் சலுகை, ஒருத்தி தனியாக எடுத்துக்கொண்டால் திருட்டு.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில். அம்மா ஆரோவில்லுக்குள் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். அங்கே வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் ‘அம்மா’ என்றுதான் பெயர். வெள்ளைக்காரக் குழந்தையும் அம்மா என்று கூப்பிடும், அதன் தாத்தாவும் அம்மா என்று கூப்பிடுவார். என் அம்மா எத்தனை பேருக்கு அம்மா என்று சின்ன வயதில் எனக்குப் பொறாமையாக இருந்தது. சம்பளப் பட்டியலில்கூட அவளுடைய சொந்தப் பெயர் இருந்ததா என்கிற யோசனை பிற்பாடுதான் வந்தது.

1997-இல் அந்த மூன்று வீடுகளில் ஒன்று காலியானது. இருந்தவர் தன் நாட்டுக்குத் திரும்பிப்போகும்போது தன் பழைய கணினியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். டாஸ் மட்டும் ஓடுகிற பெட்டி. கூடவே ஒரு காலணி டப்பா நிறைய ஃபிளாப்பிகள். அதில் ஒன்றில்தான் ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’ இருந்தது. 1991-இல் வந்த விளையாட்டு. நான்கு பேர் ஒரு நகரத்தின் சாக்கடைக்குள் இறங்குகிறார்கள், நுழைந்த வழி இடிந்து மூடிக்கொள்கிறது, இனி கீழே கீழே போவதைத் தவிர வழியில்லை. எட்டாம் வகுப்புத் தமிழ்வழி மாணவியான எனக்கு அதுதான் ஆங்கிலப் பாடநூல். விஷம், சாவி, கதவு, பசி, செத்தாள். இந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அது கற்றுக்கொடுத்தது.

அந்த விளையாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. சேமிக்க ஒரே ஒரு இடம்தான். புதிதாகச் சேமித்தால் பழையது அழிந்துபோகும். நான்காவது தளத்தில் ராட்சதச் சிலந்திகள் வரும். கடித்தால் விஷம் ஏறிக்கொண்டே போகும். மருந்து கைவசம் இல்லாதபோது தெரியாமல் சேமித்துவிட்டால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சாகப்போகிற நான்கு பேரைத்தான் திறக்கிறோம். அதோடு எங்கள் ஊர்க் கரண்டு. சேமித்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். பாதி எழுதிய கோப்பு எதற்கும் ஆகாது. கடல்காற்றில் ஃபிளாப்பியில் பூஞ்சை படியும், ஒருநாள் திடீரென்று படிக்க மறுக்கும்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே கணினி, ஒரே விளையாட்டு. ஆனால் ஆடிய ஆட்டம் வேறு. அவன் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோறு அவன் பக்கத்தில் வந்துவிடும். எனக்குக் கிடைத்தது தண்ணீர்க்குழாயில் தண்ணீர் வருவதற்கும் உலை கொதிப்பதற்கும் நடுவில் இருக்கிற நேரம். சிலந்தி எதிரில் நிற்கும்போது “ஏ, அடுப்பப் பாரு” என்று குரல் வரும். சிலந்தி காத்திருக்காது. எழுந்துபோய்த் திரும்பி வந்தால் நான்கு பேரும் செத்துக் கிடப்பார்கள். அதனால் நான் ‘காப்பி’ கட்டளையைக் கற்றுக்கொண்டேன். சேமித்த கோப்பை வேறு பெயரில் ஃபிளாப்பிக்கு எடுத்துவைப்பேன். பிறகு இரண்டு ஃபிளாப்பி, பிறகு மூன்று. கணினியில் நான் கற்ற முதல் உருப்படியான வேலை அதுதான். இன்றைக்கு நான் சோறு தின்பது அதிலிருந்து தொடங்கிய படிப்பால்.

அண்ணன் கண்டுபிடித்தபோது சிரித்தான். “இது அழுகுணி ஆட்டம்டி. தப்புப் பண்ணா சாவணும். அதான் ஆட்டம்.”

அவன் சொன்னது அவனளவில் நியாயம்தான். அவன் செத்ததெல்லாம் அவன் செய்த தப்பால். நான் செத்ததில் பாதி அடுப்பால், கால்வாசி மின்வாரியத்தால். ஆட்டத்தின் கணக்கில் இந்த மூன்றும் ஒரே சாவுதான். தப்பின் பலனை அனுபவிப்பதே வீரம் என்று சொல்கிறவர்கள் யாருமே, இடையில் எழுப்பப்படாமல் உட்காரக் கிடைப்பதே ஒரு சொத்து என்பதை யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏமாற்று என்ற வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். யாரை ஏமாற்றினேன்? கணினி ஏமாறாது. எதிரில் ஆடுகிற ஆள் கிடையாது. பந்தயப் பணம் கிடையாது. விதியை எழுதியவர் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார், நான் ஆடியது அவருக்குத் தெரியவே போவதில்லை. மிச்சம் இருப்பது ‘யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற நினைப்பு ஒன்றுதான். பெண்பிள்ளைகளை அந்த நினைப்பிலேயேதான் வளர்க்கிறோம். தனியாக இருக்கிற அறையிலும் நமக்கு ஒரு சாட்சி தேவை என்று பழக்கிவைத்திருக்கிறார்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத தப்புகளை நான் முதன்முதலாகச் செய்தது அந்தச் சாக்கடைக்குள்தான். தப்பான கதவைத் திறந்து பார்த்தேன், தெரிந்தே குழியில் விழுந்து பார்த்தேன். நகல் இருந்தது.

விதி விதி என்கிறார்களே, அந்த விதிகளை யார் எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டி, தாளும் பகடையும் வைத்து ஆடுகிற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1978-இல் வந்த அதன் விதிப்புத்தகத்தில் வீரர்களின் உடல்பலத்துக்கு ஓர் அளவு இருந்தது. உச்ச அளவான 18-ஐத் தொட்ட போர்வீரன் மேற்கொண்டு 1 முதல் 100 வரை பகடை உருட்டலாம். மனித ஆணுக்கு 100 வரை செல்லும். மனிதப் பெண்ணுக்கு 50-க்கு மேல் செல்லாது. டிராகன் பறக்கும், பிணம் எழுந்து நடக்கும், மந்திரம் சொன்னால் நெருப்பு வரும், பெண்ணுக்கு மட்டும் 50-க்கு மேல் பலம் வராது. 1988-இல் வந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ கணினி விளையாட்டிலும் இந்த வரம்பு அப்படியே இருந்தது. அதே விளையாட்டில், உருவாக்கிய ஆளின் பலங்களை நாமே விரும்பியபடி ஏற்றிக்கொள்ள அனுமதிக்கிற ஒரு வசதியும் இருந்தது! அது கள்ளாட்டம் இல்லை, விளையாட்டே தந்தது. ஆனால் அங்கேயும் பெண்ணுக்கு 50-இல் கதவு மூடிக்கொள்ளும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு விதிகளில் இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் எந்தச் சுரங்கமும் இடிந்து விழவில்லை.

இன்னொரு விஷயமும் அண்ணனுக்குத் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. விசார்ட்ரி ஆடிச் சிக்கிக்கொண்டவர்கள் சர்-டெக் நிறுவனத்துக்கே தொலைபேசியில் அழைத்து உதவி கேட்டார்கள். 1981-இல் அந்த அழைப்புகளை எடுத்துப் பதில் சொன்னவர்களில் ஒருவர் 15 வயதுச் சிறுமி. பின்னாளில் பிரெண்டா ரொமேரோ என்று உலகம் அறிந்த விளையாட்டு வடிவமைப்பாளர். எந்தத் தளத்தில் எந்தச் சுவரில் இரகசியக் கதவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுரங்கத்தில் வழிதெரியாமல் நின்ற பெரிய மனிதர்கள் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் போன் போட்டு வழி கேட்டார்கள். அதற்கு உதவிச் சேவை என்று பெயர். ஒரு பள்ளிக்கூடப் பெண் தானே தன் கோப்பை நகலெடுத்தால் அதற்கு அழுக்கு நுரை என்று பெயர்.

தமிழில் சேமிப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது எனக்கு எப்போதும் பிடித்தது. கோப்பைச் சேமிப்பதற்கும் காசைச் சேமிப்பதற்கும் ஒரே சொல். பெண்கள் காசைச் சேமிப்பதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் பத்தும் இருபதுமாக ஒதுக்கி, அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் மறைத்துவைப்பது. என் அம்மாவின் சிறுவாடு அரிசி டிரம்மின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. என் ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடித்து ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்து நான் அழுதபோது, அம்மா அவற்றை வாங்கி இன்னொரு உறையில் போட்டு அதே டிரம்மில் புதைத்துவைத்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மறைத்துவைக்க வேண்டிய பொருள் என்பது மட்டும் அவளுக்குப் போதுமாக இருந்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது. ஆரோவில்லில் நாற்பது ஆண்டுகளாக வளர்த்த மரங்கள் ஒரே காலையில் சாய்ந்தன. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, மூலையில் கிடந்த அந்தப் பழைய கணினிக்குள் மழை இறங்கியது. டிரம்மும் அதன் அடியில் இருந்த இரண்டு உறைகளும் நனையவில்லை.

அம்மாவின் உறையைக் கெடுத்தது புயல் இல்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று சொன்னார். மதிப்பில் நாட்டின் பணத்தில் சுமார் 86 சதவீதம். நாடு முழுக்கப் பெண்களின் சிறுவாடு அன்றிரவு வெளியே வந்தது. மாற்ற வேண்டுமானால் வங்கிக்குப் போக வேண்டும், பல பெண்களுக்குச் சொந்தமாகக் கணக்கு இல்லை, இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் வரிசையில் நாள்முழுக்க நிற்க முடியாது. அம்மா உறையைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். பத்தொன்பது ஆயிரம். அப்பா எண்ணிப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “இத்தன வருஷமா என்னய ஏமாத்திக்கினு இருந்துருக்கா பாரு.”

அண்ணன் ஃபிளாப்பியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அந்தப் பத்தொன்பது ஆயிரம் அம்மா வேலை செய்த மூன்று வீடுகளின் சம்பளத்தில் அவள் தின்னாமல் விட்டது. என் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணமும் முன்பு அந்த டிரம்மிலிருந்துதான் வந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

அண்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் அரியர் வைத்தான். ஒவ்வொரு தடவையும் வீட்டில் கட்டணம் கட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் “அடுத்த அட்டெம்ட்டில் தாண்டிருவான்” என்றார்கள், தாண்டியும் விட்டான். நல்லதுதான். அரியர் என்பது அரசாங்கமே நடத்துகிற நகல் கோப்பு. தேறிய பாடம் தேறினதாகவே இருக்கும், தோற்றதை மட்டும் திரும்ப எழுதலாம். சுரங்கத்தில் தப்புப் பண்ணினால் சாக வேண்டும் என்று நம்பியவனுக்கு, வெளியே எத்தனை சேமிப்பு இடங்கள் இருந்தன என்பது கண்ணில் படவே இல்லை.

மரக்காணத்தில் கட்டிக்கொடுத்த என் சித்தியின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறினாள். மற்ற நாலு பாடமும் தேறியிருந்தாள். அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு, ஒரு பாடம் எழுதினால் போதும். யாரும் கட்டணம் கட்டவில்லை. “போனது போச்சு, பொம்பளப்புள்ள” என்றார்கள். அந்த ஆண்டே உப்பளத்தில் இறங்கினாள். இப்போதும் அங்கேதான்.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக வெள்ளைத் தரை தொடங்கும். உப்புநீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட்டு அடர்த்தி ஏற்றுகிறார்கள். டிகிரி என்று அளப்பார்கள். இருபத்தைந்து டிகிரி வாக்கில் உப்பு பூக்கத் தொடங்கும். வெறுங்காலோடு நின்று வாரிக் கரையேற்றுகிற வேலை. கால் வெடிக்கும், வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடும். கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்தால் ஏற்றிய டிகிரி இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகளே தண்ணீருக்குள் போகும், மாசக்கணக்கில் வேலை இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். சேமித்துவைக்க முடியாத வேலை என்று ஒன்று உண்டானால் அது உப்புதான் என்று அக்கா சொல்வாள். அம்பாரம் குவித்து ஓலை போட்டு மூடுகிறார்களே, அது முதலாளியின் உப்பு. அவள் சொன்னது தன் உழைப்பை.

நகல் எடுப்பதற்கு எதிரான வாதங்களில் ஒன்றுக்கு நான் மரியாதை கொடுப்பேன். ஆளின் தரம் உயரும்போது எவ்வளவு உயிர்ப்பலம் கூடும் என்பதைக் கணினி பகடை உருட்டித் தீர்மானிக்கும். குறைவாக விழுந்தால் நகலைப் போட்டு, மறுபடி, மறுபடி, உச்ச எண் விழும்வரை உருட்டலாம். ஒரு விடுமுறை முழுக்க அப்படி ஆடினேன். நான்கு பேரும் மலை மாதிரி ஆனார்கள், எதற்கும் பயப்படத் தேவை இல்லாமல் போனது, சுரங்கம் வெறும் சந்து ஆகிவிட்டது. அதை யாருக்கும் செய்த துரோகமாக நான் நினைக்கவில்லை. ருசி போய்விட்டது, அவ்வளவுதான். சர்க்கரையை அள்ளித் தின்றதுபோல.

1985-இல் ரிச்சர்ட் காரியட் எழுதிய ‘அல்டிமா 4’ இன்னும் சுவாரசியமானது. நம் அவதாரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு செய்த விளையாட்டு அது. அரக்கனைக் கொல்வது நோக்கம் இல்லை. நேர்மை, கருணை, பணிவு என்று எட்டு அறங்களில் தேர வேண்டும். மூலிகை விற்கிறவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறோம் என்று நாமே சொல்ல வேண்டும். குறைத்து வைத்தால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. கணினி மனசுக்குள் குறித்துக்கொள்ளும். ரொம்ப நாள் கழித்துத்தான் நம் நேர்மை எங்கே நிற்கிறது என்று தெரியவரும். அங்கே நகல் கோப்பு பெரிதாக உதவாது. எந்த நாள் கோப்புக்குத் திரும்புவது? கெட்டது எப்போது நடந்தது என்று தெரிந்தால்தானே அதற்கு முந்தின நாளுக்குப் போக முடியும். அக்காவுக்குக் கட்டணம் கட்டாத அந்தத் தேதியை எங்கள் குடும்பத்தில் யாரிடம் கேட்டாலும் ஞாபகம் இல்லை.

நகலே இல்லாமல் ஆடுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். 2001-இல் வந்த ‘விசார்ட்ரி 8’-இல், அந்தப் பழைய தொலைபேசிச் சிறுமியும் வேலை செய்த அதே விளையாட்டில், ‘அயர்ன் மேன்’ என்று ஒரு முறை உண்டு. விரும்பினால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இடையில் நினைத்தபோது சேமிக்க முடியாது. நாற்பதை நெருங்குகிற வயதில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு அதை ஆடிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விரதம் வேறு, பட்டினி வேறு. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவர், சோறு இல்லாதவளைப் பார்த்து உனக்குக் கட்டுப்பாடு போதாது என்று சொல்லக் கூடாது.

ஆரோவில்லைச் சுற்றி இரும்பைக் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். தவத்தில் இருந்த சித்தரை எழுப்ப ராஜா ஒரு கோயில் நடனப் பெண்ணை அனுப்பினான். சித்தர் எழுந்தார், அவளோடு வாழ்ந்தார். திருவிழாவில் ஆடும்போது அவள் சலங்கை கழன்றது, அவர் குனிந்து மாட்டிவிட்டார், ஊர் சிரித்தது. கோபத்தில் சித்தர் விட்ட சாபத்தில் லிங்கம் மூன்றாக உடைந்தது, மண் பாலையானது. ராஜா காலில் விழுந்தான். சொன்ன சாபத்தைத் திரும்ப எடுக்க முடியாது, பிற்காலத்தில் தூரதேசத்து ஜனங்கள் வந்து இந்த மண்ணைப் பச்சையாக்குவார்கள் என்றாராம் சித்தர். ராஜாவுக்கு ஒரு பரிகாரம் கிடைத்தது, மண்ணுக்கும் கிடைத்தது. அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று நான் கேட்ட எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. அவளுக்கு எந்தக் கோப்பும் இல்லை.

ஃபெஞ்சலுக்குப் பிறகு பாத்தியெல்லாம் மூழ்கிக் கிடந்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். என் மடிக்கணினியில் டாஸ்பாக்ஸ் போட்டுப் பழைய ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’ ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும்போது, டிரம்மில் தப்பியிருந்த கோப்புகளை ஃபிளாப்பியிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றிவைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். சிலந்தி வந்தது, கடித்தது, நான் நகலைப் போட்டேன், நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.

“இன்னாடி பண்ண?”

சொன்னேன். இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு என்பதையும் சொன்னேன்.

“யாருக்கு நஷ்டம்?”

“யாருக்கும் இல்லக்கா.”

“அப்ப என்னாத்துக்கு அதப்போயி ஒரு கேள்வியா கேட்டுக்கினு இருக்கானுங்க?” என்றாள். பிறகு கொஞ்சம் நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, தனித்தேர்வராகக் கணக்கு எழுத இப்போது எவ்வளவு கட்ட வேண்டும், விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பாடத்திட்டம் மாறியிருக்கும், பழைய நாலு பாடம் செல்லுமா என்று விசாரிக்க வேண்டும் என்றேன். செல்லாவிட்டால் அஞ்சும் எழுதுகிறேன் என்றாள். மாமாவிடம் சொல்லிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி என்னிடம் கொடுத்து, “ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள்.